லங்காஷயர் ஷேல் எரிவாயுத் திட்டம்: சம்மதம் கிடைக்காமல் நின்றுபோன ஒரு முயற்சி – நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது லங்காஷயர். 2010 முதல் 2019 வரை அங்கே ஷேல் எரிவாயு எடுக்க குவாட்ரில்லா என்ற நிறுவனம் முயன்றது. பாறைக்குள் வாயு இருந்தது. மத்திய அரசு முழு மூச்சாக ஆதரித்தது. முதலீட்டாளர்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் வணிக உற்பத்தி ஒரு நாள்கூட நடக்கவில்லை. நிலநடுக்கத்தால் திட்டம் நின்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது கடைசியாக வந்த காரணம். அதற்கு வெகுநாள் முன்பே திட்டம் சமூக அளவிலும் பொருளாதார அளவிலும் தடுமாறிவிட்டது என்பது பொதுப் பதிவுகளைப் படித்த பிறகு எனக்கு ஏற்பட்ட முடிவு. சுமையைத் தாங்க வேண்டிய ஊர்களுக்கு வருமானத்தில் உரிமையும் இல்லை, முடிவெடுப்பதில் இடமும் இல்லை. அதைச் சரிசெய்யாமல் வேகத்தை மட்டும் கூட்டினார்கள். வேறு நாடுகளில் இதே வழியில் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இதை வரிசையாக எழுதுகிறேன்.

பின்னணி

ஷேல் என்பது களிமண் படிந்து இறுகிய அடுக்குப் பாறை. அதன் நுண்துளைகளில் சிக்கியிருக்கும் வாயு தானாக வெளிவராது. கிணற்றை ஆழமாக இறக்கி, அப்புறம் பாறை அடுக்கின் ஊடே கிடைமட்டமாகத் திருப்பி, மணல் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி விரிசல் உண்டாக்க வேண்டும். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் பார்த்துக்கொள்ளும். அதன் வழியே வாயு வரும்.

இப்படிப்பட்ட கிணற்றில் முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கு மேல் சரிந்துவிடும். ஆகவே ஒரே அளவில் வாயு கிடைக்க வேண்டுமானால் புதுப்புதுக் கிணறுகளைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சமூகச் சிக்கலின் வேர் இங்கேதான். கடலில் மேடை நிறுத்தி வாயு எடுப்பவர் எந்த ஊராரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஷேல் எடுப்பவர் இந்த ஊர், அடுத்த ஊர், அதற்கும் அடுத்த ஊர் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். முதல் ஊரில் பெயர் கெட்டுவிட்டால் இரண்டாவது ஊரில் பேச்சே எடுபடாது.

அமெரிக்காவில் இந்தத் தொழில் வளர்ந்ததற்கு நிலவியல் மட்டும் காரணமில்லை. அங்கே நிலத்தடிக் கனிமம் பெரும்பாலும் தனியார் சொத்து. பென்சில்வேனியாவில் உற்பத்தி மதிப்பில் குறைந்தது 12.5 சதவீதத்தை உரிமையாளருக்கு ராயல்டியாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பிரிட்டனில் 1934 ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் நிலத்தடி எண்ணெயையும் வாயுவையும் முடியாட்சியின் உடைமையாக்கிவிட்டது. நடைமுறையில் அது அரசின் சொத்து. கிணற்று மேடைக்கு இடம் கொடுத்தவருக்கு வாடகை வரும். பக்கத்து வயல்காரருக்கு, அவர் நிலத்துக்கு அடியிலேயே கிணறு போனாலும், வாயுவில் பங்கு கிடையாது.

மக்கள் நெருக்கமும் வேறு. பென்சில்வேனியாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 110 பேர். இங்கிலாந்தில் 400க்கு மேல். திட்டம் வந்த ஃபைல்ட் பகுதி பால்மாட்டுப் பண்ணைகளும் சிற்றூர்களும் கலந்த சமவெளி. பக்கத்தில் பிளாக்பூல் என்ற பழைய கடற்கரைச் சுற்றுலா நகரம்.

அரசுக்கு அவசரம் இருந்ததும் உண்மை. வடகடல் வாயு குறைந்துகொண்டே வந்து, 2004இல் பிரிட்டன் வாயுவை நிகரமாக இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. வீடுகளில் பெரும்பாலானவை வாயுவால்தான் சூடேற்றப்படுகின்றன. இந்த நேரத்தில், 2011 செப்டம்பரில், உரிமம் பெற்றிருந்த குவாட்ரில்லா நிறுவனம் தன் பகுதியில் 200 லட்சம் கோடி கன அடி வாயு இருப்பதாக அறிவித்தது. 2013இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் வட இங்கிலாந்தின் போலண்ட் ஷேல் முழுவதிலும் சுமார் 1,300 லட்சம் கோடி கன அடி இருக்கலாம் என்று மதிப்பிட்டது. நாட்டின் ஆண்டுத் தேவை 3 லட்சம் கோடி கன அடிக்கும் குறைவு. ஆய்வறிக்கை சொன்னது பாறைக்குள் இருக்கும் அளவை. எடுக்கக்கூடிய அளவை அல்ல. செய்திகளில் அந்த வேறுபாடு காணாமல் போனது. பல தலைமுறைக்குப் போதும் என்ற பேச்சு பரவியது. பின்னால் ஒவ்வொரு ஏமாற்றத்தையும் இந்த எண் பெரிதாக்கிக் காட்டியது.

2011–2012: முதல் நடுக்கமும் முதல் சந்தேகமும்

பிரீஸ் ஹால் என்ற இடத்தில் முதல் கிணறு தோண்டப்பட்டது. விரிசல் பணி நடந்தபோது 2011 ஏப்ரல் 1 அன்று 2.3 அளவிலும், மே 27 அன்று 1.5 அளவிலும் நில நடுக்கம் ஏற்பட்டது. பணி நிறுத்தப்பட்டது. கிணற்றின் இரும்பு உறை ஒரு பகுதியில் நெளிந்திருந்தது. அதை நிறுவனம் உடனே தெரிவிக்கவில்லை என்று துறை அமைச்சர் கண்டித்து எழுதிய கடிதம் பின்னர் வெளியே வந்தது. சேதம் பெரிதில்லை. தெரிந்ததைத் தெரிந்த உடனே சொல்வார்களா என்ற கேள்வி மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

2012 ஜூனில் ராயல் சொசைட்டியும் ராயல் பொறியியல் அகாடமியும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. நல்ல நடைமுறைகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் ஆபத்துகளைச் சமாளிக்க முடியும் என்றது அது. அந்த ஆண்டு டிசம்பரில் தடை நீங்கியது. கூடவே ஒரு விதியும் வந்தது: 0.5 அளவோ அதற்கு மேலோ நடுக்கம் பதிவானால் பணியை நிறுத்திச் சோதிக்க வேண்டும். வெளியே உணரவே முடியாத அளவு அது. நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2013–2014: பணத்தைப் பற்றிய பேச்சு

ஊராருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குத் தொழில்துறை 2013இல் ஒரு பதில் சொன்னது. விரிசல் பணி நடக்கும் ஒவ்வொரு ஆய்வுத் தளத்துக்கும் 1 லட்சம் பவுண்டு. உற்பத்தி தொடங்கினால் வருவாயில் 1 சதவீதம். 2014 ஜனவரியில் அரசு, ஷேல் தளங்களிலிருந்து வரும் வணிக வரியை (தொழில் நடக்கும் இடங்கள் மீதான சொத்து வரி) உள்ளூர் கவுன்சில்கள் முழுவதுமாக வைத்துக்கொள்ளலாம் என்றது.

இதில் இரண்டு கோளாறுகள். முதலாவது, 12.5 சதவீதத்துக்கும் 1 சதவீதத்துக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைவிட முக்கியம், பென்சில்வேனியாக்காரர் பெறுவது ஒப்பந்தப்படி கேட்டு வாங்கும் உரிமை. லங்காஷயர்க்காரருக்குச் சொல்லப்பட்டது நிறுவனம் மனமுவந்து தரும் நன்கொடை. இரண்டாவது, அனுமதி தரும் கவுன்சிலுக்கே அந்த அனுமதியால் வரி வருமானம் என்றதும், அது கையூட்டு மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பாளர்கள் பேசத் தொடங்கினார்கள். உதவ வந்த சலுகையே கவுன்சிலின் நடுநிலையைச் சந்தேகத்துக்குள்ளாக்கியது.

தொகை எப்படிப் பங்கிடப்பட்டது என்று பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். பின்னாளில் முதல் கிணற்றுக்கான 1 லட்சம் பவுண்டு கைக்கு வந்தபோது, 1 கிலோமீட்டருக்குள் இருந்த 29 வீடுகளுக்குத் தலா 2,070 பவுண்டும், 1 முதல் 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த 259 வீடுகளுக்குத் தலா 150 பவுண்டும் போயின. லாரிப் போக்குவரத்தையும் இரைச்சலையும் வீட்டு மதிப்பு பற்றிய கவலையையும் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் குடும்பத்துக்கு 150 பவுண்டு.

எரிவாயுக் கட்டணம் குறையும் என்ற வாக்குறுதியும் நிலைக்கவில்லை. 2013 ஆகஸ்டில் பிரதமர், ஷேல் வாயு கட்டணத்தைக் குறைக்கக்கூடும் என்று எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் குவாட்ரில்லாவின் தலைவரே, ஐரோப்பியச் சந்தையோடு நாம் பிணைந்திருப்பதால் மிகப் பெரிய அளவு வாயு வந்தாலொழிய விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது என்று ஒரு பொதுக்கூட்டத்தில் சொன்னார். அவர் சொன்னதுதான் பொருளாதாரம். குழாய்கள் கண்டத்தோடு இணைந்திருக்கும்போது, உள்ளூர் வயலில் எடுத்த வாயுவும் சந்தை விலைக்கே விற்கும். அதாவது பாதிப்பு உள்ளூரில், விலை சந்தையில், வரி தலைநகரில்.

வேலைவாய்ப்பிலும் இதே கதை. நிறுவனத்தின் ஆதரவோடு 2013இல் வந்த ஓர் அறிக்கை நாடு முழுக்க 74,000 வேலைகள் வரை வரலாம் என்றது. உள்ளூர் வணிகர் சங்கம் அதை நம்பித் திட்டத்தை ஆதரித்தது. அந்த நம்பிக்கையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் துளையிடும் ரிக்குகளும் தேர்ந்த குழுக்களும் அமெரிக்காவில் இருந்த அளவில் இங்கே இல்லை. முதல் கிணறுகளுக்கு வல்லுநர்கள் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அந்தத் தொழில் அமைப்பு உருவாகாமல் கிணற்றுச் செலவு குறையாது. செலவு குறையாமல் கிணறுகள் பெருகாது. கிணறுகள் பெருகாமல் உள்ளூர் வேலையும் வராது.

இதற்கிடையில் 2013 ஜூலையில் ஆளுங்கட்சியின் மேலவை உறுப்பினர் ஒருவர், வடகிழக்கில் ஆளரவமற்ற பாழ்நிலங்கள் இருக்கின்றன, அங்கே துளையிடலாம் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும், தான் சொல்ல நினைத்தது வடமேற்கு என்று திருத்தினார். அந்த வடமேற்கில்தான் லங்காஷயர். ஒரு வாக்கியத்தால் திட்டம் கெட்டுவிடாது. ஆனால் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் அதிலிருந்து புரிந்துகொண்டார்கள்.

2015 ஜூன்: கவுன்டி கவுன்சில் எடுத்த முடிவு

பிரெஸ்டன் நியூ ரோடு, ரோஸ்ஏக்கர் வுட் என்ற இரண்டு இடங்களுக்கு நிறுவனம் 2014இல் லங்காஷயர் கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) கவுன்சிலிடம் விண்ணப்பித்தது. ரோஸ்ஏக்கரை லாரிப் போக்குவரத்து காரணமாக மறுக்கும்படியும், பிரெஸ்டன் நியூ ரோட்டுக்கு அனுமதி தரும்படியும் கவுன்சிலின் திட்ட அதிகாரிகள் பரிந்துரைத்தார்கள். உறுப்பினர்களுக்குச் சட்ட ஆலோசனையும் வந்தது: அதிகாரிகளின் பரிந்துரையை மீறி மறுத்தால் மேல்முறையீட்டில் தோற்கலாம், செலவும் தலையில் விழலாம் என்று. முடிவு சில நாள் தள்ளிப்போனது. ஜூன் 29 அன்று குழு வாக்களித்து, காட்சிக் கேடு, இரைச்சல் ஆகிய காரணங்களால் பிரெஸ்டன் நியூ ரோட்டையும் மறுத்தது.

உறுப்பினர்கள் கூட்டத்தின் உணர்ச்சிக்குப் பணிந்துவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கேட்ட தகவல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிராமப் பொருளாதாரத்தில் ஷேல் வாயுவின் தாக்கம் பற்றி அரசின் சுற்றுச்சூழல் துறை 2014இல் ஒரு வரைவு அறிக்கை தயாரித்திருந்தது. அது வெளியானபோது 63 இடங்கள் மறைக்கப்பட்டிருந்தன. தகவல் ஆணையர் உத்தரவிட்ட பிறகு முழு வடிவம் 2015 ஜூலை 1 அன்று வந்தது. கவுன்சில் வாக்களித்து இரண்டு நாள் கழித்து. கிணறுகளுக்கு அருகில் வீட்டு விலை 7 சதவீதம் வரை குறையலாம் என்று அதில் இருந்தது. அது முடிவுபெறாத வரைவு என்று துறை விளக்கம் சொன்னது. சரி, வரைவுதான். அப்படியானால் அப்படியே சொல்லி முன்பே வெளியிட்டிருக்கலாமே? மறைத்து வைத்ததால், 7 சதவீதம் என்ற ஊகத்துக்கு உறுதிப்பட்ட உண்மையின் எடை வந்துவிட்டது.

2015–2016: முடிவு மேலே போனது

மத்திய அரசு எடுத்த முடிவுகள் எல்லாம் வேகத்தைக் குறிவைத்தன. 2015 உள்கட்டமைப்புச் சட்டம், 300 மீட்டருக்குக் கீழே நில உரிமையாளரின் அனுமதி இல்லாமலே கிணறு போகலாம் என்றது. அந்த ஆகஸ்டில், 16 வாரத்துக்குள் முடிவெடுக்காமல் இழுக்கும் கவுன்சில்களின் அதிகாரத்தை மேலே எடுத்துக்கொள்ளப் போவதாக அரசு அறிவித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. பொது விசாரணைக்குப் பிறகு 2016 அக்டோபர் 6 அன்று அமைச்சர் பிரெஸ்டன் நியூ ரோட்டுக்கு அனுமதி கொடுத்தார்.

அரசின் தரப்பில் நியாயம் இருந்தது: வாயுத் தேவை நாட்டுக்கு உரியது, ஒரு கவுன்டி அதைத் தடுக்க விடலாமா என்பது. சட்டப்படியும் எல்லாம் சரி. விளைவுதான் வேறாக இருந்தது. திட்டத்தைப் பற்றி இன்னும் முடிவெடுக்காமல் இருந்தவர்கள்கூட, எங்கள் கவுன்சிலின் வாக்குக்கு மதிப்பில்லையா என்று கேட்கத் தொடங்கினார்கள். ஷேலைப் பற்றிய வாக்குவாதம் ஜனநாயகத்தைப் பற்றிய வாக்குவாதமாக மாறியது. அதற்கு நிலவியலாளர்களிடம் பதில் கிடையாது.

2017–2018: சாலையோரம்

2017 ஜனவரியில் பணி தொடங்கியது. தள வாசலில் போராட்டமும் தொடங்கியது. மஞ்சள் தலைத்துணி கட்டிய பாட்டிமார்கள் முன்னணியில் நின்றார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். லாரிகள் மீது ஏறி நின்ற மூன்று பேருக்கு 2018 செப்டம்பரில் சிறைத் தண்டனை கிடைத்தது. அது மிகையானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபர் 17 அன்று ரத்து செய்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான், அக்டோபர் 15 அன்று, விரிசல் பணி தொடங்கியிருந்தது.

2018–2019: கிணற்றில் கண்டது

முதல் கிடைமட்டக் கிணற்றில் 40க்கு மேற்பட்ட கட்டங்களில் விரிசல் உண்டாக்கத் திட்டம். நடுக்கம் 0.5ஐத் தாண்டும்போதெல்லாம் பணி நின்றது. திட்டமிட்ட முழு அளவு மணலை இரண்டே கட்டங்களில்தான் செலுத்த முடிந்தது. வாயு வந்தது, உச்சத்தில் நாளுக்குச் சுமார் 2 லட்சம் கன அடி. கிணற்றின் உண்மையான திறனையோ வணிக லாபத்தையோ மதிப்பிட அது போதவில்லை.

இங்கே நிறுவனம் 0.5 வரம்பை உயர்த்தும்படி கேட்டது. பொறியியல் நோக்கில் கோரிக்கை அபத்தமானது அல்ல. வேறு நாடுகளில் வரம்பு இதைவிட உயரம்தான். ஆனால் இந்த விதியை முன்னால் வைத்துத்தான் 2012இல் ஊரை அமைதிப்படுத்தினார்கள். விதி வேலை செய்யத் தொடங்கியதும் அதைத் தளர்த்தக் கேட்டால் ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும்? அரசு மறுத்துவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது கிணற்றில் பணி நடந்தபோது, 2019 ஆகஸ்ட் 26 அன்று 2.9 அளவில் நடுக்கம் வந்தது. சுவரில் விரிசல் விழுந்ததாகப் பல வீட்டார் புகார் கொடுத்தார்கள். அதிர்வலைகளால் நிலத்தடியைப் படம்பிடிக்க முன்கூட்டியே செய்த முப்பரிமாண நில அதிர்வு அளவாய்வில் அகப்படாத ஒரு பிளவின் மேல் அது நிகழ்ந்திருந்தது. எவ்வளவு பெரிய நடுக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்ற ஒழுங்காற்று ஆணையத்தின் ஆய்வை ஏற்று, நவம்பர் 2 அன்று அரசு இங்கிலாந்து முழுவதும் தடை விதித்தது.

விளைவு

தடைக்குச் சற்று முன், 2019 அக்டோபரில், தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. 2020 நடுப்பகுதிக்குள் 20 கிணறுகள் வரை விரிசல் பணி நடந்திருக்கும் என்று அரசு 2016இல் எதிர்பார்த்தது. நடந்தவை மூன்று. 2011 முதல் பொதுப் பணம் குறைந்தது 3.27 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போலீஸ் ஏற்பாட்டுக்கே போனது. அரசின் கருத்துக்கணிப்பில் 2013 டிசம்பரில் ஆதரவு 27 சதவீதம், எதிர்ப்பு 21. 2019 மார்ச்சில் ஆதரவு 12, எதிர்ப்பு 40.

2022இல் எரிவாயு விலை ஏறியபோது புதிய பிரதமர் செப்டம்பர் 22 அன்று தடையை நீக்கினார். உள்ளூர் ஆதரவு இருந்தால் மட்டுமே பணி என்றார்கள். அந்த ஆதரவை யார், எப்படி அளப்பது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஆளுங்கட்சியின் உள்ளூர் உறுப்பினர்களே எதிர்த்தார்கள். ஐந்து வாரத்துக்குள் அடுத்த பிரதமர் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலில் வரிசையை. இங்கே உரிமம், அறிவிப்பு, விண்ணப்பம், மறுப்பு, மேலிருந்து அனுமதி எல்லாம் முடிந்து, கடைசியில்தான் சம்மதத்தைப் பற்றிப் பேசினார்கள். 2022இல் வைத்த உள்ளூர் ஆதரவு நிபந்தனையை, அளக்கும் முறையோடு, 2012இல் தடையை நீக்கும்போதே வைத்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். ஒருவேளை ஊர்கள் அப்போதும் மறுத்திருக்கும். அப்படி மறுத்திருந்தாலும் பல ஆண்டுகளும் பொதுப் பணமும் மிச்சமாகியிருக்கும், முதலீட்டாளருக்கும் நல்லதுதான்.

வருமானப் பங்கு சட்ட உரிமையாக, கணக்கு கேட்கும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும். நிலத்தடி வாயு அரசின் சொத்து என்ற சட்டத்தை மாற்றாமலே இதைச் செய்யலாம்: சுற்றுவட்டார வீடுகளுக்கும் ஊராட்சிகளுக்கும் உற்பத்தியில் நிலையான விழுக்காட்டை உரிம நிபந்தனையாக எழுதலாம். வரி வருமானத்தை மட்டும் அனுமதி வழங்கும் அமைப்புக்கே நேராகக் கொடுக்கக் கூடாது.

பாறையில் இருக்கும் வாயுவின் அளவை அறிவிக்கும்போது, எடுக்கக்கூடியது எவ்வளவு என்று கிணறு காட்டும்வரை தெரியாது என்பதையும் அதே வரியில் சொல்ல வேண்டும். அரசிடம் இருக்கும் பாதக மதிப்பீடுகள் வாக்கெடுப்புக்கு முன்பே முழுசாக வெளிவர வேண்டும், வரைவாக இருந்தாலும். நடுக்க வரம்பை முதல் கிணற்றுக்கு முன்பே ஊராரையும் தனி வல்லுநர்களையும் வைத்து முடிவு செய்து, எந்தச் சூழலில் அது மறுபரிசீலனைக்கு வரும் என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

கடைசியாக, கைவிடப்பட்ட கிணற்றை மூடும் செலவு. நிறுவனத்தால் முடியாமல் போனால் அது யார் தலையில் விழும் என்பது தெளிவாக இல்லை, நில உரிமையாளர் மீதுகூட விழலாம் என்று தணிக்கை அலுவலகம் சுட்டிக்காட்டியது. துளையிடத் தொடங்கும் முன்பே கிணற்றை மூடுவதற்கான முழுத் தொகையையும் வைப்பாக வாங்கி, நிறுவனத்தின் கைக்கு எட்டாத கணக்கில் போட்டிருக்க வேண்டும். வீட்டுச் சேத இழப்பீட்டுக்கும் அந்தக் கணக்கிலேயே ஒரு பகுதியை ஒதுக்கலாம். நடுக்கத்துக்கும் வீட்டுச் சுவர் விரிசலுக்கும் தொடர்பு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் ஆதாரம் தேடி அலைய வேண்டிய நிலை கூடாது.